களிற்றின் சுபாவம்: கேட்டதும் கண்டதும்

தமிழர்கள் யானையைப் பற்றிப் பேசிய அளவுக்கு வேறெந்தப் பிராணியைப் பற்றியும் பேசியிருப்பார்களா என்பது சந்தேகமே. சங்கப் புலவர்கள் அதன் நடையையும் சினத்தையும் பாட்டில் வைத்தார்கள்; அரசர்கள் அதன் மீதேறிப் போர் புரிந்தார்கள்; கோயில்கள் அதனைத் தம் பரிவாரத்தில் சேர்த்துக்கொண்டு நெற்றியில் நாமமும் விபூதியும் இட்டன; பாட்டிமார் அதன் பெயரால் பழமொழிகளைப் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். இத்தனை நூற்றாண்டுப் பழக்கத்தில் அந்தப் பிராணியின் சுபாவம் நமக்கு முற்றும் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை. ஆயினும், சென்ற ஐம்பது ஆண்டுகளில் ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும் நம்முடைய நீலகிரி, ஆனைமலைக் காடுகளிலும் யானைக் கூட்டங்களைத் தொடர்ந்து நடந்து ஆராய்ந்தவர்கள் கண்டு சொன்னவற்றை இந்த நம்பிக்கைகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது: யானையோடு வாழ்ந்தவர்கள் வாயிலிருந்து பிறந்த கூற்றுகளில் பெரும்பாலும் ஏதோ ஓர் உண்மை தங்கியிருக்கிறது, அதனை ஊர்வலத்தில் மட்டும் கண்டவர்கள் கட்டிய கூற்றுகளிலோ நம்முடைய சௌகரியமே மிகுதியாக இருக்கிறது. பின்னவை வெறும் பிழைகளாக நின்றிருந்தால் கேடில்லை. அவற்றால் யானைகளும் மனிதரும் உயிரிழக்க நேர்கிறது என்பதனாலேயே இதனை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

யானையின் சிறிய கண் எதனையும் பன்மடங்கு பெரிதாகக் காட்டுமென்றும், அதனாலேயே அவ்வளவு பெரிய விலங்கு மனிதனை மலையளவு உருவமாகக் கண்டு அஞ்சிப் பணிகிறதென்றும் சிறு வயதில் கேளாதவர் நம்மில் அரியர். இதற்கு ஆதாரம் எள்ளளவும் இல்லை. யானையின் கண்பார்வை சுமாரானது. நிறங்களிலும் நம்மைவிடக் குறைவாகவே பிரித்தறிவது. உலகத்தை அது அறிவது முதன்மையாக மூக்கினால். 2014-ல் வெளியான ஜப்பானிய ஆராய்ச்சியொன்று, ஆப்பிரிக்க யானையின் மரபணுத் தொகுதியில் மணமறியும் மரபணுக்கள் ஏறக்குறைய 2,000 இருப்பதைக் கணக்கிட்டது. நாயிடம் இருப்பதைப்போல் அஃது இரு மடங்கு, மனிதனிடம் இருப்பதைப்போல் ஐந்து மடங்கு. தாய்லாந்தில் மூடி வைத்த இரண்டு வாளிகளில் எதில் தீனி அதிகம் என்பதை யானைகள் மோப்பத்தினாலேயே தெரிந்துகொண்டதை 2019-ல் ஜோஷுவா பிளாட்னிக் குழுவினர் காட்டினார்கள். ஆகவே, இரவில் வாழைத் தோட்டத்தை நாடி வரும் யானைக்குக் குலை முற்றிய செய்தி காற்றிலேயே கிடைத்துவிடுகிறது. மனிதனுக்கு அது பணிவதன் காரணத்தை அதன் கண்ணில் தேடுவது வீண். சங்கிலியிலும் அங்குசத்திலும், இளங்கன்றாய் இருக்கையிலேயே தாயைப் பிரித்துப் பழக்கிய கொடுமையிலும் அந்தக் காரணம் கிடக்கிறது. கண்ணைப் பற்றிய அந்தக் கதை இந்தக் காரணத்தை நம் பார்வைக்கு மறைத்துவிட்டது.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்னும் பழமொழி, யானையின் செயலைப் பேதைமைக்கு எடுத்துக்காட்டாக ஆக்கிவிட்டது. உண்மையில் அதைக் காட்டிலும் விவேகமான காரியம் அந்தப் பிராணி செய்வதில்லை எனலாம். யானையின் தோலில் நம்மைப்போல் வியர்வை வழிந்து உடலைக் குளிர்விக்கும் ஏற்பாடு கிடையாது. வெயிலைத் தணிக்க அதற்கு நீரும் சேறுமே துணை. ஆப்பிரிக்க யானையின் தோலில் பின்னிக் கிடக்கும் நுண்ணிய வெடிப்புகள், வழவழப்பான பரப்பைவிடப் பல மடங்கு நீரையும் சேற்றையும் பிடித்து வைக்கின்றன என்று 2018-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் கண்டார்கள். குளித்தெழுந்தவுடன் மண்ணைத் தூற்றிக்கொள்ளும் யானை, சூரியனுக்கும் கொசுவுக்கும் ஈக்கும் எதிராகத் தன் உடம்பின் மீது ஒரு காப்பு பூசிக்கொள்கிறது. குளிப்பாட்டிய யானை உடனே அழுக்காகிறதே என்று அதனை அதட்டும் வழக்கம் சில கட்டுத்தறிகளில் இருப்பது வருந்தத் தக்கது.

எறும்பு துதிக்கையில் புகுந்தால் யானை மடியும் என்ற கூற்றைப் படித்தவர்கள் பலர் நகைத்துத் தள்ளுவார்கள். மடியும் என்பது மிகைதான். ஆனால் கென்யாவின் லைக்கிப்பியாப் பகுதியில், எறும்புகள் குடியிருக்கும் ஒருவகை முள்வேல மரங்களை யானைகள் தீண்டாது விலகுவதையும், எறும்புகளை அகற்றிய மரங்களை ஆவலோடு தின்பதையும் ஜேக்கப் கோஹீன், டாட் பாமர் என்னும் இருவர் 2010-ல் நிரூபித்தார்கள். துதிக்கையின் உட்புறம் மிகவும் மென்மையானது. அங்கே கடிபடுவதை அந்தப் பிராணி பொறுக்காது. தேனீக்களிடத்தும் அப்படியே. லூசி கிங் என்னும் பெண்மணி கென்யாவில் வயல்களைச் சுற்றித் தேன்கூட்டுப் பெட்டிகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு யானைகளைத் தடுத்தார். இலங்கை யானைகளும் தேனீயின் இரைச்சலைக் கேட்டு ஒதுங்குவதைப் பின்னர் கண்டார். தென்னிந்தியக் காடுகளில் விவேக் துப்பில், ரிச்சர்டு காஸ் என்பவர்கள் வயலோரத்தில் புலியின் உறுமலையும் சிறுத்தையின் உறுமலையும் ஒலிபரப்பிப் பார்த்தபோது, புலியின் குரலுக்கு யானைகள் அரவமின்றிப் பின்வாங்கின. சிறுத்தையின் குரலுக்கோ சினந்து முழங்கி நின்று, பிறகே அகன்றன. எந்த அச்சத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதை நிதானிக்கும் புத்தி அதற்கு உண்டு. யானை துரத்தினால் சரிவை நோக்கி ஓடுங்கள், அதனால் இறங்க முடியாது என்று மலைப் பாதைகளில் சொல்லப்படும் உபதேசத்தை மட்டும் ஒருவரும் நம்பலாகாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான சரிவுகளில் ஏறியிறங்கி வாழும் விலங்கு அது. தாய்லாந்தில் அளந்து பார்த்ததில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை அதன் வேகம் சென்றது.

யானை நூறாண்டும் அதற்கு மேலும் வாழும் என்பதும், மரணம் நெருங்கியதும் முன்னோர் எலும்புகள் கிடக்கும் மயானத்தைத் தேடிப் போகும் என்பதும் ஒன்றோடொன்று தொடர்புடைய கதைகள். ஆயுள் வழக்கமாக அறுபது, எழுபது ஆண்டுகள். தைப்பே நகர மிருகக்காட்சிச் சாலையில் 2003-ல் இறந்த லின் வாங் என்னும் ஆசிய யானை 86 வயது வரை இருந்தது மிக அபூர்வம். வயதின் எல்லையை நிர்ணயிப்பது பல். யானைக்குக் கடைவாய்ப் பற்கள் வாழ்நாளில் ஆறு தொகுதிகளாக ஒன்றன்பின் ஒன்றாக முன்னோக்கி நகர்ந்து வருகின்றன. ஆறாவது தேய்ந்த பின் மரப்பட்டையையும் மூங்கிலையும் அரைக்க வழியில்லை. அப்போது முதிய யானை நீர்நிலையோரத்து மென்புல்லை நாடிச் சென்று, அங்கேயே தங்கி, அங்கேயே விழுகிறது. ஆண்டாண்டாகப் பல யானைகள் இவ்வாறு விழுந்த இடத்தில் எலும்புகள் சேர்ந்திருப்பதைக் கண்டவர்கள் மயானக் கதையைக் கட்டியிருக்க வேண்டும்.

இனி, யானையின் ஞாபகசக்தி. இதில் உலகப் பிரசித்தமான நம்பிக்கை வீண்போகவில்லை. உண்மை அதனினும் பெரிதாக இருக்கிறது. யானைக் கூட்டம் மூத்த பெண்ணின் தலைமையில் நடப்பது. கென்யாவின் அம்போசெலியில் கேரன் மக்கோம்பும் சிந்தியா மாசும் பிறரும் 2001-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, தலைவிக்கு வயது கூடக்கூட, கேட்கும் குரல் பழகியதா அந்நியமானதா என்று பிரித்தறியும் திறமை அந்தக் கூட்டத்துக்கே கூடுகிறது என்று காட்டியது. தான்சானியாவின் தரங்கீரே வனத்தில் 1993-ல் கொடிய வறட்சி வந்தபோது, வனத்தை விட்டு வெளியே நீர் தேடிப் போன கூட்டங்களின் கன்றுகள் பிழைத்தன; தங்கிவிட்ட கூட்டத்தில் மிகுதியாக மடிந்தன. வெளியே போனவற்றை நடத்தியவர்கள் முதிய தலைவியர். முப்பது ஆண்டுகளுக்கு முந்திய பெரும்பஞ்சத்தைக் கண்டிருக்கும் வயதினர். தந்தத்துக்காகவும் பெருமைக்காகவும் மூத்த யானைகளை முதலில் சுட்டுத் தள்ளிய வேட்டைக்காரர்கள், ஒவ்வொரு கூட்டத்திடமிருந்தும் அது வழி கேட்டு நடந்த மூதறிவையே பறித்தார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சம் பதைக்கிறது.

இதே ஞாபகம் நம் ஊர்களில் வேறொரு வகையில் வெளிப்படுகிறது. 2019 ஜனவரியில் கோயம்புத்தூர் தடாகம் பகுதியில் பிடித்து டாப்சிலிப் காட்டில் விடப்பட்ட சின்னத்தம்பி என்னும் கொம்பன், சில நாட்களுக்குள் மலையிறங்கி உடுமலைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்கள் வரை நடந்து வந்ததைத் தமிழ் நாடே பார்த்தது. மறு மாதம் அதை மீண்டும் பிடித்து வரகளியாறு முகாமில் அடைத்தார்கள். 2021-ல் மசினகுடிப் பக்கத்திலிருந்து கொண்டுபோய்த் தொலைவான காட்டில் விடப்பட்ட ரிவால்டோவும் தன் பழைய இடத்துக்கே திரும்பியது. யானையைப் பெயர்த்து வேறு காட்டில் விட்டால் தொல்லை தீரும் என்பது நம்மிடையே பரவிய புது நம்பிக்கை. இலங்கையில் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ குழுவினர் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்து 2012-ல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, இவ்வாறு பெயர்க்கப்பட்ட யானைகளால் மனித உயிர்ச்சேதமும் யானைகளின் மரணமும் கூடினவேயன்றிக் குறையவில்லை என்று தெளிவாக்கியது. தன் வழியையும் தன் நீர்த்துறையையும் மறவாத பிராணியை, அவற்றை மறக்கும்படி லாரியில் ஏற்றிக் கேட்டுக்கொள்ள முடியாது.

அந்த ஞாபகத்தோடு பழி வாங்கும் குணத்தையும் சேர்த்துப் பேசுவது வழக்கம். தன்னைத் துன்புறுத்தியவரை யானை நினைவில் வைத்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அம்போசெலி யானைகள், தம்மை ஈட்டியால் தாக்கும் வழக்கமுள்ள மாசாய் இளைஞர்கள் அணிந்த துணியின் வாசனையை வேற்றினத்தார் துணியின் வாசனையிலிருந்து பிரித்தறிந்து அதிகம் அஞ்சி ஓடின. ஆனால் கொலை அதன் பிறவிக் குணம் என்று கொள்ளலாகாது. இருபதுக்கு மேற்பட்டவரைக் கொன்றதாகச் சொல்லப்பட்டு 1998-ல் கூடலூர்ப் பக்கத்தில் பிடிபட்ட மக்னா (தந்தமில்லாத ஆண் யானை) ஒன்று, உடலில் காயங்களோடு முதுமலை தெப்பக்காடு முகாமுக்கு வந்து, வைத்தியம் பெற்று, மூர்த்தி என்ற பெயரோடு பின்னர் சாதுவான முகாம் யானையாக நெடுங்காலம் வாழ்ந்தது.

யானைகள் தமக்குள் பேசிக்கொள்ளும், தொலைவில் இருப்பவற்றுக்குச் செய்தி அனுப்பும் என்று பழங்குடியினரான காட்டுநாயக்கரும் குறும்பரும் நெடுநாளாகச் சொல்லி வந்ததை ஆராய்ச்சியாளர் பல காலம் பொருட்படுத்தவில்லை. 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சிச் சாலையில், திமிங்கிலங்களின் பாட்டை ஆராய்ந்தவரான கேட்டி பேய்ன், யானைக் கொட்டடியின் அருகில் நின்றபோது காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். பதிவு செய்து ஆராய்ந்ததில், மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியால் அவை உரையாடுவது நிச்சயமாயிற்று. அத்தகைய ஒலியைப் பற்றி அவருக்கு முன்பே எழுதியவர் நம்முடைய மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், இந்தியக் காட்டுயிர் ஆராய்ச்சியின் முன்னோடிகளுள் ஒருவர். கருவியின் துணையின்றிப் பொறுமையும் கூர்ந்த நோக்கும் மட்டுமே கொண்டு அவர் அந்த முடிவை நெருங்கியதை நாம் இன்னும் உரத்த குரலில் சொல்லிக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்க யானைகள் ஒன்றையொன்று தனித்தனிக் குரலால், நாம் பெயர் சொல்லி விளிப்பதைப்போல, அழைப்பதற்கான சான்றும் 2024-ல் வெளியாகியிருக்கிறது.

எல்லா நம்பிக்கைகளிலும் மிகுந்த கேடு விளைத்தது மதத்தைப் பற்றியது. யானைக்கு மதம் பிடிப்பது பைத்தியம் என்றும், வெயிலின் கொடுமையால் வருவதென்றும், துணை கிடைக்காத ஏக்கத்தால் நேர்வதென்றும் பலவாறு பேசுகிறார்கள். வயது வந்த ஆண் யானைக்கு, அஃது உடல்நலத்தோடு இருந்தால், பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை சில வாரங்களோ மாதங்களோ நிகழும் இயற்கையான பருவ நிலையே மதம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள சுரப்பி வீங்கிக் கரிய நீர் கன்னத்தில் வழியும். ஆண்மைச் சுரப்பு இரத்தத்தில் பன்மடங்கு உயரும். மற்றக் களிறுகளோடு மோதத் துணியும். நோய்ப்பட்டு மெலிந்த யானைக்கு மதம் சரியாக வாராது. முகாம்களில் மதக் காலத்தைச் சுருக்கத் தீனியைக் குறைக்கும் பழைய வழக்கம் இதனை அறிந்து ஏற்பட்டதே. மதத்துக்கும் மூத்த ஆண்களின் சமூகத்துக்கும் உள்ள தொடர்பைத் தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க் வனம் காட்டியது. பெரிய யானைகளைச் சுட்டொழித்தபோது எஞ்சிய அநாதைக் கன்றுகளை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள்; அவை வளர்ந்து, காலத்துக்கு முன்பே மதம் கொண்டு, 1992-க்கும் 1997-க்கும் இடையில் நாற்பதுக்கு மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-ல் முதிய ஆண் யானைகள் ஆறு அங்கே விடப்பட்டதும் இளையவற்றின் மதம் தணிந்தது, கொலைகள் நின்றன. ஆண் யானை தனியன், அதற்கு உறவும் கட்டுப்பாடும் இல்லை என்ற எண்ணம் அத்தோடு விழுந்தது.

இங்கே நம் பத்திரிகைகளின் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ் நாட்டுக் கோயில்களில் இருப்பவை பெரும்பாலும் பெண் யானைகள். மதம் ஆசியப் பெண் யானைக்குரிய நிலையன்று. அப்படியிருந்தும் கோயில் யானை ஒருவரைத் தாக்கிய போதெல்லாம் மதம் பிடித்ததாகத் தலைப்பிடுவது வழக்கமாகிவிட்டது. 2024 நவம்பரில் திருச்செந்தூர்க் கோயிலின் தெய்வானை யானை, பாகர் ஒருவரையும் அவர் உறவினரையும் கொன்ற துயரம் நிகழ்ந்தது. அதுவும் பெண் யானையே. மதம் என்று சொல்லிவிட்டால், யானை எங்கே கட்டப்பட்டிருந்தது, எவ்வளவு நேரம் நடந்தது, அருகில் வந்தவர் யார், என்ன செய்தார் என்னும் கேள்விகள் எழாமலே அடங்கிவிடுகின்றன. அடுத்த பாகரும் அதே ஆபத்தின் அருகில் நிறுத்தப்படுகிறார்.

இறந்த இனத்தானுக்காக யானை துக்கம் காக்கும் என்பதை நான் உண்மையென்றே கொள்கிறேன். மக்கோம்ப் குழுவினர் 2006-ல் கண்டது இது: வேறு பொருள்களையும் பிற விலங்குகளின் மண்டையோட்டையும் விட, யானையின் மண்டையோட்டையும் தந்தத்தையும் யானைகள் நெடுநேரம் தடவி மோந்து நின்றன, ஆயினும் தம் சொந்த உறவினரின் எலும்பைத் தனித்து நாடவில்லை. யானை ஆராய்ச்சியாளர் ராமன் சுகுமாரின் மாணவர்கள், பொது மக்கள் எடுத்த காணொளிகளைத் திரட்டி, இறந்த கன்றைத் தாய் தூக்கிச் செல்வதும் எழுப்ப முயல்வதும் ஆசிய யானைகளிடம் மீண்டும் மீண்டும் காணப்படுவதை 2022-ல் வெளியிட்டார்கள். வடக்கு வங்காளத் தேயிலைத் தோட்டங்களின் வடிகால்களில் ஐந்து கன்றுகள் கால்கள் மேல்நோக்கியிருக்க மண்ணில் புதைந்து கிடந்ததை பர்வீன் காஸ்வானும் ஆகாஷ்தீப் ராயும் 2024-ல் பதிவு செய்தார்கள். மண்ணின் மேல் கூட்டத்தின் காலடித் தடங்கள் இருந்தன. இதனை ஈமச்சடங்கு என்று சொல்ல நான் துணியவில்லை. அந்தத் தாய்மாரின் வேதனையை மறுக்கவும் எனக்கு மனம் துணியவில்லை.

கோயில் யானை தலையையும் உடலையும் பக்கத்துக்குப் பக்கம் அசைத்துக்கொண்டே நிற்பதைக் கண்டு, நாதசுரத்துக்கு இசைந்து ஆடுகிறது, ஆண்டவன் சந்நிதியில் ஆனந்தம் கொள்கிறது என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்காத பெற்றோர் குறைவு. இசை நின்ற பின்னும், நள்ளிரவிலும், ஒருவரும் பாராத போதும் அந்த அசைவு நிற்பதில்லை. காட்டில் உலவும் யானையிடம் அது காணப்படுவதே இல்லை. நாளின் பெரும்பகுதியை மேய்வதிலும் நடப்பதிலும் கழித்து, உறவினரைத் தொட்டுக்கொண்டு வாழப் பிறந்த பிராணியைத் தனியே ஓரிடத்தில் சங்கிலியில் நிறுத்தும்போது மனம் நலிந்து தோன்றும் நோய்க்குறி அது. கல் தளத்தில் ஓயாது நிற்பதால் பாதம் வெடித்து நகத்தில் புண் கொள்வது அதன் உடன்பிறப்பு. காசை வாங்கித் துதிக்கையைத் தலையில் வைப்பதும் பழக்கிய செயலே. நம் பக்தி மெய்யானது, ஆனால் அந்த யானை நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான முறை அதைச் செய்ய நிர்ப்பந்திக்கப்படுகிறது. வால் முடியைப் பிடுங்கி மோதிரம் செய்தால் குழந்தைக்கு இரவில் பயம் வாராது என்ற நம்பிக்கைக்காக, ஈயோட்டும் அந்த வால்கூட மொட்டையாகிறது.

2003-ல் கோயில் யானைகளை முதுமலைக்கு அழைத்துச் சென்று தொடங்கிய நலவாழ்வு முகாம், பின்னர் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பவானிக் கரையில் நடந்தது. ஆற்றில் குளியலும் மண்ணில் நடையும் பிற யானைகளின் சகவாசமும் சில வாரங்களுக்கேனும் அவற்றுக்குக் கிடைத்தன. ஆண்டில் சில வாரங்கள் போதாது. இனிக் கோயில்களும் தனியாரும் புதிதாக யானைகளைப் பெறுவதற்கு இடங்கொடாத வகையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023-ல் கூறியதை நான் மனமார வரவேற்கிறேன். இப்போது இருக்கும் யானைகளுக்கோ, கல் தளத்துக்குப் பதிலாக மண் தரையும், நாள்தோறும் சங்கிலியின்றி நெடுந்தூர நடையும், நீந்திக் குளிக்க ஆழமான குளமும், கூடுமானால் இன்னொரு யானையின் துணையும் வேண்டும். அவற்றைக் காக்கும் பாகருக்கும் அவருடைய உதவியாளரான காவடிக்கும் குடும்பம் நடத்தப் போதிய சம்பளமும் ஓய்வும் வேண்டும். வாழைப்பழத்தோடு யானையின் முன் நிற்கும் பக்தர்கள், இன்று இது எவ்வளவு தூரம் நடந்தது, இரவில் எங்கே படுக்கிறது என்று பாகரிடம் அன்போடு விசாரித்து, விடை திருப்தியாக இல்லாவிட்டால் அன்றைக்கே தேவஸ்தான நிர்வாக அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.